ஊர்க் குடிநீரும் பொறியியல் மாணவரும்

பொறியியல் கல்லூரியில் மூன்று வருஷம் திரவ இயக்கவியலைப் படித்து, பெர்னூலியின் சமன்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் ஒப்பிக்கக்கூடிய மாணவர் ஒருவரிடம், தெருவிலிருக்கும் கேட் வால்வில் நீர் கசிகிறதே, அதை நிறுத்துவது எப்படி என்று கேட்டால், அவர் திகைத்து நிற்பதை நம் நாட்டில் எங்கும் காணலாம். அவர்மீது குற்றமில்லை. வால்வின் கழுத்துக்குள் கிளாண்டு கயிறு என்று ஒன்று சுற்றப்பட்டிருக்கிறது என்பதையும், அது நைந்துபோனால் மேலேயுள்ள நட்டைத் தளர்த்திப் பழசை எடுத்துவிட்டுப் புதுக் கயிற்றைச் சுற்றி மறுபடி அளவோடு முறுக்க வேண்டும் என்பதையும், அளவு மீறி முறுக்கினால் வால்வே திரும்பாமல் இறுகிப்போகும் என்பதையும் எந்தப் பரீட்சையும் அவரிடம் கேட்டதில்லை. ஊராட்சியில் மாதச் சம்பளத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் டேங்க் ஆபரேட்டருக்கோ இது கை பழகிய சங்கதி. ஆனால் கடைக்கோடித் தெருவுக்குத் தண்ணீர் ஏன் ஏறவில்லை என்பதைக் கணக்கிட்டுச் சொல்ல அவருக்கு வழியில்லை. இவ்விருவரும் ஒருவரிடம் ஒருவர் பாடம் கேட்கும்படி ஒரு காரியத்தை அமைப்பது எப்படி என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

மாணவர் ஊராருக்கு உபயோகமான வேலையைத் தம் கையால் செய்து கற்க வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிற்று. 2014-இல் மத்திய அரசு, டில்லி ஐ.ஐ.டி.யை ஒருங்கிணைக்கும் ஸ்தாபனமாகக் கொண்டு, உன்னத் பாரத் அபியான் என்ற ஏற்பாட்டை ஆரம்பித்து, உயர்கல்வி நிறுவனங்கள் தங்களுக்கு அருகிலுள்ள கிராமங்களோடு தொடர்பு கொள்ள வேண்டும் என்று வகுத்தது. ஏற்பாடுகளுக்குக் குறைவில்லை. ஆயினும் ஏழு நாள் முகாமில் கோயில் வெளியைச் சுத்தம் செய்து, மரக்கன்று நட்டு, பிளக்ஸ் பேனருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பும்போது சேவையுணர்ச்சி வளருமே தவிர, பொறியியல் ஒரு அணுவளவும் வளருவதில்லை. மறுபுறம், பொறியியலுக்கென்றே ஒதுக்கப்பட்ட இறுதியாண்டு ப்ராஜெக்டை, கல்லூரிச் சாலையில் வரிசையாகக் கடை விரித்திருக்கும் ப்ராஜெக்ட் சென்டர்களில், அறிக்கையும் பைண்டிங்கும் உட்பட விலைக்கு வாங்கிவிடுகிற வழக்கம் இருக்கிறது. ஊரின் குறை ஒன்றை எடுத்துக்கொள்வதில் ஆசிரியருக்குள்ள பெரிய லாபங்களில் ஒன்று, அதைக் கடையில் வாங்க முடியாது என்பது.

தெருவிளக்கு, சாக்கடை, பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடம், உலர்களம் என்று எடுத்துக்கொள்ளத்தக்க விஷயங்கள் பல உண்டெனினும், முதன்முறை இறங்குகிறவர்கள் குடிநீரையே எடுத்துக்கொள்வது நலம் என்பது என் அபிப்பிராயம். ஆழ்குழாய்க் கிணறும் நீர்மூழ்கி மோட்டாரும் மேல்நிலைத் தொட்டியும் இல்லாத ஊராட்சி இன்று அபூர்வம். கட்டுமானவியலார், இயந்திரவியலார், மின்னியலார், வேதியியலார் ஆகிய எல்லாருக்கும் அதில் வேலையுண்டு. செய்த வேலை பலித்ததா இல்லையா என்பதை மதிப்பெண் பட்டியலைப் பாராமல் குடத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

ஊராட்சித் தலைவரிடமும் செயலரிடமும் முறைப்படி அனுமதி பெற்ற பிறகு, முதலில் போய்ப் பார்க்க வேண்டியவர் டேங்க் ஆபரேட்டர்தான். பெரும்பாலும் அவர் மாணவர்களுடைய தகப்பனார் வயதினராக இருப்பார். "அண்ணே" என்றோ "ஐயா" என்றோ அழைத்து, அவர் விடியற்காலையில் மோட்டார் போடும் நேரத்துக்கே போய்ச் சேர்ந்து, ஒரு சுற்று முழுவதும் அவரோடு கூட நடக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் பேருந்திலிருந்து இறங்குகிறவர்களுக்கு ஊரின் தண்ணீர் கண்ணிலேயே படாது. எந்த வால்வை எத்தனை சுற்றுத் திறக்கிறார், எந்த வால்வைத் தொடுவதே இல்லை, எந்த வீட்டு வாசலில் நின்று யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதையெல்லாம் அன்று குறித்துக்கொள்ள வேண்டும். மாணவர்கள் கேள்வித்தாளை நீட்டியவுடன் அவர் "எல்லாம் நல்லாத்தான் ஓடுது தம்பி" என்றுதான் சொல்வார். வால்வுக் குழியில் நிற்கும் சேற்றை ஒரு கை அள்ளிப் போட்டு அவருக்கு உதவிய பிறகு கேட்டால், எந்த இணைப்பில் எத்தனை வருஷமாக ரப்பர் டியூபைச் சுற்றிக் கட்டிச் சமாளித்து வருகிறார் என்பதைத் தாமே காட்டுவார்.

அடுத்தது அளவு. கருவிகள் வாங்க நிதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. கொள்ளளவு தெரிந்த ஒரு குடமும் ஒரு கடிகாரமும் இருந்தால் இந்த அத்தியாயத்தின் முக்கால் பங்கு வேலை முடிந்துவிடும். தொட்டிக்கு அருகிலுள்ள தெருக்குழாயில் 15 லிட்டர் குடம் ஒரு நிமிஷத்தில் நிறைகிறதென்றும், அதே வேளையில் கடைக்கோடித் தெருவில் அதே குடம் நிறைய நான்கு நிமிஷம் ஆகிறதென்றும் வைத்துக்கொள்வோம். தண்ணீர் விடுவது ஒரு மணி நேரமானால், முந்தைய குழாயடியில் 60 குடமும் பிந்தையதில் 15 குடமும் கிடைக்கும். "தண்ணி வருதுதான் தம்பி, எங்க முறை வர்றதுக்குள்ள நின்னுபோயிடுது" என்று அத்தெருப் பெண்கள் சொல்லிக்கொண்டிருந்தது, இப்போது எவரும் மறுக்க முடியாத எண்ணாகிவிடுகிறது. ஒவ்வொரு தெருவிலும் இப்படி அளந்து, ஊரின் வரைபடத்தை ஒரு பெரிய தாளில் கையால் வரைந்து, அந்தந்த இடத்தில் அந்தந்த எண்ணை எழுதிவிட வேண்டும். ஒருநாள் அளவை நம்பக் கூடாது. மின்சாரம் தடைப்பட்ட நாள், திருவிழா நாள், மழை நாள் ஆகியவற்றிலும் அளந்து பார்த்தால்தான் எது நோய், எது அன்றைய அசௌகரியம் என்று பிரித்தறியலாம்.

தொட்டி நிறைய எவ்வளவு நேரமாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். உதாரணமாக, 5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று, கிணற்று நீர்மட்டத்திலிருந்து தொட்டியின் விளிம்பு வரை மொத்தம் 60 மீட்டர் உயரத்துக்கு நீரை ஏற்றுகிறதென்றும், மோட்டாரும் பம்புமாகச் சேர்ந்து மின்சாரத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கைத்தான் பயனுள்ள வேலையாக்குகின்றன என்றும் கொண்டால், விநாடிக்குச் சுமார் இரண்டரை லிட்டர் மேலேற வேண்டும். 30,000 லிட்டர் தொட்டி ஏறக்குறைய மூன்றேகால் மணி நேரத்தில் நிறைய வேண்டும். ஆபரேட்டர் ஆறு மணி நேரம் ஆகிறது என்றால், நிலத்தடி நீர் இறங்கியிருக்கலாம், பம்பின் உட்சக்கரங்கள் தேய்ந்திருக்கலாம், கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் இணைப்பொன்று விட்டு நீர் உள்ளேயே திரும்பிக் கொட்டலாம். இம்மூன்றில் எது என்பதைக் கண்டுபிடிப்பது, விடைத்தாளில் கிடைக்காத ஒரு பயிற்சி. இந்தக் கணக்கோடு ஊரின் தேவையையும் ஒப்பிட வேண்டும். 2019-இல் வந்த ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வகுத்திருக்கிறது. 200 வீடுகளில் 800 பேர் வசித்தால் 44,000 லிட்டர், அதாவது அத்தொட்டி தினம் ஒன்றரைத் தடவை நிறைந்தாக வேண்டும்.

நீரின் அளவைப் போலவே அதன் குணத்தையும் சோதிக்க வேண்டுமென்றாலும், அதில் ஆரம்பத்திலேயே ஆழமாக இறங்க வேண்டாம். குளோரின் ஒன்றை மட்டும் பார்த்தால் போதும். புதிதாகப் பிரித்த பிளீச்சிங் பவுடரில் நூற்றுக்கு 33 பங்கு குளோரின் என்று வைத்துக்கொண்டால், 30,000 லிட்டர் நீருக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் சேர்க்க 180 கிராம் பவுடர் வேண்டும். அதை அப்படியே தொட்டியில் வாரிக் கொட்டாமல், வாளியில் குழைத்துக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு தெளிவை மட்டும் ஊற்றி, அரைமணி நேரம் கழித்தே நீரைத் திறக்க வேண்டும். கடைக்கோடிக் குழாயில் பிடித்த நீரில் ஆர்த்தோ டொலிடின் சொட்டுகளை விட்டு, எழும் மஞ்சள் நிறத்தை நிறப்பட்டையோடு ஒத்துப் பார்த்தால், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்கிறதா என்று தெரியும். மஞ்சள் ஏறவே இல்லையென்றால் ஆபரேட்டர் பவுடர் போடவில்லை என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. மூட்டையின் வாயைத் திறந்துபோட்டு, ஈரக் காற்றுப்பட்ட பவுடர், பார்வைக்கு வெள்ளையாகவே இருந்துகொண்டு வீரியத்தை இழந்துவிடும். அப்போது பழுது மனிதரிடத்தில் இல்லை, மூடியில்லாத டப்பாவில் இருக்கிறது. சோதித்த நீரைக் கீழே கொட்டிவிட வேண்டும்; குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது.

கடைக்கோடித் தெருவுக்கு வருவோம். அங்கே நீர் ஏறாமைக்குக் காரணம் குழாயின் சுருக்கமாக இருக்கலாம். அதே அளவு நீர் ஓடும்போது உராய்வினால் ஏற்படும் அழுத்த இழப்பு குழாய் விட்டத்தின் ஐந்தாம் படிக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், 50 மில்லிமீட்டர் துவாரமுள்ள பழைய இரும்புக் குழாய் உப்புப் படிந்து 40 மில்லிமீட்டராகச் சுருங்கினால் இழப்பு மும்மடங்காகிவிடும். புத்தகத்தில் சூத்திரமாகக் கிடந்த இந்த ஐந்தாம் படி, வெட்டியெடுத்த பழங்குழாயின் ஒரு துண்டைக் கையில் வாங்கி, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்க்கிற மாணவருக்குப் பிறகு ஆயுள் உள்ளவரை மறக்காது. காரணம் வேறாகவும் இருக்கலாம். மேட்டுத் தெருவில் தொட்டிக்கு அருகிலுள்ள சில வீடுகள் குழாயில் சிறு மோட்டாரைப் பொருத்தி நீரை உறிஞ்சிக்கொள்ளலாம். எந்தக் காரணமானாலும், முதலில் செய்து பார்க்க வேண்டிய பரிகாரம் மிகவும் எளியது. தெருப் பிரிவில் ஒரு கேட் வால்வை வைத்து, முதல் அரைமணி அருகிலுள்ள தெருக்களை அடைத்துக் கடைக்கோடிக்கு விட்டு, பிறகு மற்றவற்றைத் திறக்கும்படி முறை வகுப்பதே அது. செலவு ஒரு வால்வும் ஒரு குழியும்தான். இதைக் கேட்டு மாணவர் முகம் வாடும் என்பது எனக்குத் தெரியும். மின்சுற்றில்லை, திரையில் மின்னும் எண்ணில்லை, கண்காட்சியில் வைக்க ஒன்றுமில்லை. ஆனால் எந்தத் தெருவை எத்தனை நிமிஷம் அடைத்தால் எல்லாக் குழாயடியிலும் குடங்கள் சமமாகும் என்பதைக் கணக்கிட்டு, மறுநாள் விடியலில் அளந்து, கணக்குத் தவறினால் திருத்தி, மறுபடியும் அளப்பது சுத்தமான பொறியியல்.

உணர்கருவியும் கைப்பேசிச் செய்தியும் வைத்துத் தொட்டியின் மட்டத்தை அறிவிக்கும் யந்திரமே வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற குழுக்களைத் தடுக்க வேண்டாம். அவர்களிடம் ஒரு கேள்வியை மட்டும் கேட்டு வைக்கலாம். ஐப்பசி இடியில் அந்தக் கருவி உயிரைவிட்டால், அதை மறுபடி நடக்கவைக்கும் உதிரிப்பாகம் அருகிலுள்ள சந்தையூர்க் கடையில் கிடைக்குமா? கிடைக்காதென்றால், ஆபரேட்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பழைய வழக்கப்படி தொட்டி நிறைந்து வழிவதைப் பார்த்து மோட்டாரை நிறுத்துவார். அவர் செய்வது நியாயமே. மிதவை சுவிட்சு ஒன்று பெரும்பாலான ஊர்களுக்குப் போதும்.

இந்தக் கேள்வியின் முழு அருமையையும் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் நம் ஊர்களில் இன்றும் நிற்கும் அடிபம்பின் சரித்திரத்தைப் படிக்க வேண்டும். வறட்சிக் காலத்தில் பாறைப் பிரதேசங்களில் துளைக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் போடப்பட்டபோது, அவற்றின்மேல் வைக்கப்பட்டவை மேல்நாட்டில் ஒரு குடும்பத்தின் உபயோகத்துக்கென்று வார்க்கப்பட்ட வார்ப்பிரும்புப் பம்புகள். ஒரு நாளில் சில வாளி இறைக்கப் பிறந்த அந்த யந்திரத்தை ஒரு கிராமமே காலைமுதல் இரவுவரை அடித்தால் அது என்ன செய்யும்? 1970-களில் பார்த்தபோது பெரும்பான்மையான பம்புகள் பழுதாகி நின்றன. சோலாப்பூரில் உருவாகியிருந்த எஃகுப் பம்பை அடிப்படையாகக் கொண்டு, மத்திய அரசும் யூனிசெஃப் ஸ்தாபனமும், சென்னையிலிருந்த இயந்திரவியல் ஆராய்ச்சி நிறுவனமும், ரிச்சர்ட்சன் அண்டு க்ரூடாஸ் கம்பெனியும் சேர்ந்து வடிவமைத்ததே இந்தியா மார்க் இரண்டு. கைப்பிடியின் முனையில் கால்வட்ட வடிவான ஒரு தகட்டையும் அதில் ஒரு சங்கிலியையும் பொருத்தியதால் கம்பி எப்போதும் நேராகவே ஏறி இறங்கிற்று, தேய்மானம் குறைந்தது. மாதிரிப் பம்புகளை ஆய்வுக்கூடத்தில் வைத்துத் திருப்திப்படாமல், கோயம்புத்தூர்ப் பகுதியில் ஆழமான கிணறுகளின்மேல் ஜனங்கள் கையில் கொடுத்து அடித்துப் பார்க்கவைத்தார்கள்.

அங்கும் கதை முடியவில்லை. அடியிலுள்ள உருளையின் தோல் வாஷர் தேய்ந்தால், அதை மாற்றக் கிணற்றுக்குள் இறங்கிய இரும்புக் குழாய்கள் அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே தூக்க வேண்டியிருந்தது. அதற்கு முக்காலியும் ஆட்களும் வண்டியும் வேண்டும், வண்டி வரும்வரை ஊர் காத்திருக்க வேண்டும். சில ரூபாய் பெறுமானமுள்ள வாஷர் ஒரு கிராமத்தின் குடிநீரை நிறுத்திவைத்தது. பிறகு தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வந்தது. 1980-களில், மறுபடியும் கோயம்புத்தூர்ப் பக்கத்திலேயே சோதித்து, குழாயின் விட்டத்தை அகலமாக்கி, குழாயைத் தூக்காமலே பிஸ்டனை மட்டும் அதனூடே மேலே இழுத்து வாஷர் மாற்றும்படி மார்க் மூன்று உருவாயிற்று. குழாய் கனமாயிற்று, விலையும் ஏறிற்று. ஆனால் பழுதுபார்க்கும் வேலை வண்டியிலிருந்து ஊர்க்காரர் கைக்கு நெருங்கி வந்தது. எது சிக்கனம், எது வீண் என்பதைப் பம்பின் விலைச்சீட்டில் பார்ப்பதா, அது நின்றுகிடக்கும் நாட்களில் பார்ப்பதா என்று மாணவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்து வாதிடச் செய்தால் ஒரு வகுப்பு நேரம் போவது தெரியாது.

ஊர்க் காரியங்களுக்குப் பெரிய சத்துரு செமஸ்டர். டிசம்பரில் தொடங்கிய வேலை ஏப்ரலில் அறிக்கையாகிவிடுகிறது. ஜூனில் அக்குழுவே கல்லூரியில் இல்லை. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1995-ஆம் வருஷம் எட்வர்ட் காயில், லியா ஜேமீசன் என்ற பேராசிரியர்கள் தொடங்கிய எபிக்ஸ் என்னும் பாடமுறை இதற்கு ஒரு நல்ல வழியைக் கண்டது. முதலாண்டு மாணவர்முதல் இறுதியாண்டினர்வரை ஒரே குழுவில் சேர்ந்து, ஊர்ப்பொது ஸ்தாபனம் ஒன்றோடு பல வருஷம் தொடர்ந்து வேலை செய்வார்கள். மூத்தவர்கள் போகும்போது காரியம் இளையவர்களிடம் இருக்கும். நம் கல்லூரிகளில் பாடத்திட்டத்தை அப்படி மாற்றும் அதிகாரம் ஆசிரியர் ஒருவர் கையில் இல்லாவிட்டாலும், இரண்டாமாண்டு மாணவர் இருவரை இறுதியாண்டுக் குழுவோடு ஊருக்கு அனுப்புவதை எந்த விதியும் தடுப்பதில்லை. அளவுகளையும் வரைபடத்தையும் வால்வுகளின் இருப்பிடத்தையும் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதி, ஒரு பிரதியை ஊராட்சி அலுவலகத்தில் வைத்துவிட வேண்டும். கணினியில் மட்டும் இருப்பது ஆபரேட்டருக்குக் கிடையாது.

மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. வாய்மொழித் தேர்வன்று வெளித்தேர்வாளரை ஊருக்கே அழைத்துப் போக முடிந்தால் அதைவிட விசேஷம் இல்லை. முடியாவிட்டால், மாணவர் அமைத்ததை மாணவர் இல்லாதபோது ஆபரேட்டர் இயக்குவதைப் படமெடுத்து அறிக்கையோடு சேர்க்கச் சொல்லலாம். அபாயங்களைப் பொறுத்தமட்டில் நான் சமரசத்துக்கு இடம் வைக்கமாட்டேன். மேல்நிலைத் தொட்டியின் ஏணியில் மாணவர் ஏறக் கூடாது. மூடிய தொட்டிக்குள்ளும் கிணற்றுக்குள்ளும் இறங்கக் கூடாது. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறப்பது உரிமம் பெற்ற மின்பணியாளருடைய வேலை.

வேலையின் பலனை ஊரார் முன் வைப்பதற்குக் கிராம சபையே தக்க இடம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022 முதல் தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-இலும் உள்ளாட்சி நாளான நவம்பர் 1-இலும் சபை கூடுகிறது. குடிநீரைப் பற்றிப் பேச மார்ச் 22 பொருத்தமானது, அப்போது கோடையும் நெருங்கிவிடும். தீர்மானத்தில் சேர்க்க வேண்டியதை முன்கூட்டியே செயலரிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். உறிஞ்சும் மோட்டார்களைக் கண்டறிந்திருந்தால், எந்த வீடுகள் என்று மாணவர் பெயர் சொல்லக் கூடாது. சபையில் எல்லாரும் எல்லாருக்கும் உறவுமுறை. நான்கு மாதம் வந்து போகிறவர்கள் அந்த வழக்கை நடத்த முடியாது, பகையை மட்டும் கிளறிவிட்டு வருவார்கள், அந்தப் பகையை ஆபரேட்டர்தான் பிறகு தினமும் சுமக்க வேண்டியிருக்கும். தெருவாரியான நிமிஷங்கள் எழுதிய வரைபடத்தை எல்லார் கண்ணிலும் படும்படி சுவரில் மாட்டி, எந்தத் தெருவில் குடம் நிறைய எவ்வளவு நேரமாகிறது என்பதை மட்டும் படித்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். கேள்வி கடைக்கோடித் தெருவிலிருந்து தானே கிளம்பும். அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு தலைவருடையது. அவர் வால்வு வாங்கத் தொகை கேட்டால், மதிப்பீட்டுச் சீட்டு அப்போதே மாணவர் பையில் தயாராக இருக்க வேண்டும்.